மூக்கரின் இங்கிலீஷ்

என் அத்தானுக்கு இங்கிலீஷ் வந்தது தலை நரைத்த பிறகு. அதுவரை அவரிடம் இருந்தவை ஐந்தே சொற்கள்: குட், ஃபேர், ஸ்ட்ராங், ஃபிளாட், நோ. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு கம்பெனியையே நடத்தினார் என்று சொன்னால் எங்கள் முதலாளிக்குக் கோபம் வரும். வரட்டும், உண்மை அதுதான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தேயிலையை வாங்கி, கலந்து, பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் டீ ருசி பார்ப்பது அவர் வேலை. அவர் சொல்வதை டைப் அடித்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்புவது என் வேலை. இந்த வேலையை எனக்குப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். அதற்காக அவரைக் கிண்டல் செய்யாமல் நான் ஒரு நாளும் விட்டதில்லை.

ருசி பார்க்கும் அறை மேல்மாடியில், வெயில் நேராக விழாத பக்கத்தில் இருந்தது. நீளமாக ஒரு வெள்ளை மேடை. அதன் மேல் வரிசையாக மூடி போட்ட வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கிண்ணம், பின்னால் இலை வைத்த தகர டப்பா. கோப்பைக்காரம்மா என்று நாங்கள் கூப்பிடும் பெண் இலையை எடை போட்டு, கொதிநீர் ஊற்றி, மணி அடித்ததும் சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து வைப்பாள். அத்தான் ஏப்ரன் கட்டிக்கொண்டு, சக்கரம் வைத்த எச்சில் தொட்டி ஒன்றைக் காலால் தள்ளியபடியே வருவார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து சர்ரென்று உறிஞ்சுவார். அந்தச் சத்தம் கீழே ஆபீஸ் வரைக்கும் கேட்கும். வாயில் உருட்டி, மூக்கு வழியாக மூச்சை விட்டு, தொட்டியில் துப்பிவிட்டு ஒரு சொல் சொல்வார். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வேன். அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார்.

முதல் நாள் பார்த்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "காசு கொடுத்து வாங்கின டீயைத் துப்புற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றேன். "முழுங்கினா சம்பளம் கிடையாது" என்றார் அத்தான்.

ஆபீஸில் அவருக்கு மூக்கர் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். டீயின் ருசியில் நாக்குக்குத் தெரிவது கொஞ்சம்தானாம். கசப்பும் துவர்ப்பும் நாக்குக்கு, மற்றதெல்லாம் மூக்குக்கு என்பார். படிக்கட்டில் ஏறும்போதே எந்த வீட்டில் வெங்காயம் வதங்குகிறது, எந்த வீட்டில் அடிப்பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வருவார். மத்தியானம் நான் ஒளித்துத் தின்ற ஆரஞ்சுப் பழத்தைச் சாயங்காலம் கண்டுபிடித்துச் சொல்வார். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் செய்வது எப்படி இருக்கும் என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். தலைமுடி கொட்டுகிறது என்று அங்கிருந்து ஒரு பச்சை எண்ணெய் வாங்கி வந்து கல்யாணமான புதிதிலிருந்தே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏதேதோ வேரும் இலையும் போட்டுக் காய்ச்சியது. அத்தானுக்கும் அந்த எண்ணெய்க்கும் ஆகவே ஆகாது. காலையில் அக்கா புட்டியைத் திறந்ததும் ஜன்னலைத் திறப்பார். "என்ன, இன்னைக்கு கதவுக்கு வார்னிஷா?" என்பார். தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போன நாட்களும் உண்டு. அக்காவும் விடமாட்டாள். "உங்க மூக்கைக் கழட்டி ஆபீஸ்லயே வச்சிட்டு வாங்க" என்பாள். அந்தச் சண்டை இல்லாமல் அவர்கள் வீட்டில் பொழுது விடிந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. அத்தானும் படுத்தார். எழுந்து வேலைக்கு வந்தபோது சட்டை தொளதொளவென்று இருந்தது, வேறு மாற்றம் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. மறுபடியும் உறிஞ்சினார், துப்பினார், குட் என்றார், ஃபேர் என்றார்.

அப்புறம் ஒரு நாள் ஒரு கிண்ணத்தின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, "ரோபஸ்ட்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "என்னது அத்தான்?"

"ரோபஸ்ட். நல்லா கட்டுமஸ்தா இருக்குன்னு அர்த்தம். எழுதிக்கோ."

"அர்த்தம் எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், எனக்குத் தெரியக்கூடாதா?" என்று அடுத்த கிண்ணத்துக்குப் போய்விட்டார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கியிருந்தார். பெரிய பரீட்சைகளுக்குப் படிக்கிறவர்களுக்கான கடினமான சொற்கள் அடங்கிய தலையணைப் புத்தகம். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்துக்கொள்வார். சாம்பிள் டப்பாக்களில் ஒட்டும் சீட்டுகளின் பின்பக்கத்தில் சொற்களை எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைவார். துணி துவைக்கும்போது அந்தச் சீட்டுகள் கூழாகி, எல்லாச் சட்டைகளிலும் வெள்ளைத் துகளாக ஒட்டிக்கொண்டன. "கலெக்டர் வேலைக்குப் போகப் போறாரு உங்க அத்தான்" என்று அக்கா என்னிடம் புலம்பினாள்.

எனக்கு இதில் சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நான் இங்கிலீஷை ஆசைப்பட்டுப் படித்தவள். படித்து முடித்து வந்து, "தங்கள் மேலான கவனத்துக்கு" என்பதை இங்கிலீஷில் வருஷக்கணக்காக டைப் அடித்துக்கொண்டிருந்தவள். ஒரு சொல்லுக்கும் அதன் பக்கத்து வீட்டுச் சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. இப்போது அத்தான் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு என் மேஜைக்கே வந்து உட்கார ஆரம்பித்தார்.

"அரோமாவுக்கும் ஃப்ராக்ரன்ஸுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஃப்ராக்ரன்ஸ் பூவுக்குச் சொல்லலாம். அரோமா கொஞ்சம் சாப்பாட்டுப் பக்கம்."

"அப்ப சென்ட்?"

"அது எல்லாத்துக்கும். நாய் மோப்பம் பிடிக்கிறதுக்கும் அதுதான்."

"அப்ப அது எனக்குத்தான்" என்று சிரிப்பார்.

அவர் கேட்டதில் முக்கால்வாசி வாசனையைப் பற்றிய சொற்களாகத்தான் இருந்தது. தொழில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். மரப்பிசின் மாதிரி மணப்பதற்கு ஒரு சொல், மழை நனைத்த மண்ணுக்கு ஒரு சொல், பழைய காகிதத்தின் மக்கிய வாசனைக்கு ஒரு சொல். சில சொற்களைப் புத்தகத்தில் எடுத்தார், சிலவற்றை சென்ட்டுக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் காகிதங்களில் எடுத்தார். எனக்குத் தெரியாத சொல்லை அவர் கொண்டு வந்து வைத்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரிச் சமையலை அப்படியே போட்டுவிட்டு அகராதியைப் புரட்டினேன். அந்த மத்தியானங்கள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

ரிப்போர்ட்டுகள் மாறின. முன்பு குட் என்று ஒரு வரியில் முடிந்தது இப்போது நாலு வரிக்கு நீண்டது. வெல்வெட் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, வாயை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கிறது, வந்த சுவடு தெரியாமல் மறைகிறது. இந்தக் கடைசிக்கு 'எவனெசென்ட்' என்று ஒரு சொல். அதைச் சொல்வதென்றால் அத்தானுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வெளிநாட்டில் எங்களிடம் நிறைய வாங்கும் ஒருவர், உங்கள் ரிப்போர்ட்டைப் படித்தாலே டீ குடித்த மாதிரி இருக்கிறது என்று எழுதினார். முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. புது பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் அத்தானின் சொற்களையே அச்சடித்தார்கள். சம்பளமும் கூடியது. அக்கா ஒரு பாக்கெட்டை வாங்கி வந்து, பிரிக்காமல் சமையலறை அலமாரியில் முகப்பாக வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் அந்தச் சரக்கு வந்தது. உயர்ந்த இலை, உயர்ந்த விலை. அந்த வெளிநாட்டுக்காரருக்காகவே வாங்கியது. முதலாளியே அன்று மேல்மாடிக்கு வந்துவிட்டார். கோப்பைக்காரம்மா மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினாள். என் பக்கம் சாய்ந்து, "குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்குக்கா" என்று முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரோ பக்கத்தில் துணி அலசுகிறார்கள் என்று நினைத்தேன்.

அத்தான் உறிஞ்சினார். சாயத்தின் நிறத்தைப் பார்த்தார். வெந்த இலையை விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு நிதானமாக, வெள்ளைப் பூக்கள் ஒன்றாக மலர்ந்தாற்போல ஒரு மணம் என்று மூன்று இங்கிலீஷ் வாக்கியங்கள் சொன்னார்.

முதலாளியும் ஒரு கரண்டி எடுத்தார். நெற்றி சுருங்கியது. "ஏதோ ஒண்ணு தூக்கலா இருக்கு, இல்ல?"

"அதுதான் அந்தப் பூ" என்றார் அத்தான்.

முதலாளி இன்னொரு கரண்டி எடுத்தார். நெற்றி மெல்ல விரிந்தது. "ஆமா. பூ. பூதான்" என்றார்.

அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. நாங்கள் நாலு பேர் அந்த அறையில் இருந்தோம். மூன்று பேருக்கு மூக்கு வேலை செய்தது. அந்த மூன்று பேரும் எங்கள் மூக்கை ஓரமாக வைத்துவிட்டு, அவர் சொல்லை நம்பினோம். திரும்ப ஒருமுறை முகர்ந்தபோது எனக்கே கொஞ்சம் பூ தெரிந்தது. நான் கீழே போய் அழகாக டைப் அடித்தேன். சரக்கு மறுநாள் காலை கன்டெய்னரில் ஏறுவதாக இருந்தது.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் குடோன் மேஸ்திரி போன் செய்தார். "அந்த லாட் வந்த லாரியில குளியல் சோப்புப் பெட்டியும் வந்திருக்கு. ரெண்டு பெட்டி கிழிஞ்சிருக்கு. தேயிலை பக்கத்துல எது இருந்தாலும் உறிஞ்சிக்கும், தெரியுமில்ல. மூக்கர் பார்த்துட்டாரா?"

"பார்த்துட்டாரு. பூ வாசனைன்னாரு."

"மூக்கர் சொன்னா சரிதான். அப்ப ஏத்திடறேன்" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்ததும் துணி அலசுகிற மாதிரி வந்த அந்த வாசனை ஞாபகத்துக்கு வந்தது. அத்தான் முன்னமே கிளம்பிவிட்டிருந்தார், அக்கா வீடு அடுத்த தெருதான். நேரே அங்கே போனேன். இரண்டாவது மாடிக்கு ஏறும்போதே பால் தீய்ந்த வாடை வந்தது. கதவு திறந்தே கிடந்தது. சமையலறையில் புகை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கறுத்து, மிச்சம் கரியாகிக்கொண்டிருந்தது. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். திரைக்கு இந்தப் பக்கம் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தலையணைப் புத்தகம். உதடு ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் திரைக்குப் பின்னால் எழுந்த புகையைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"எப்பயிலிருந்து அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. "அந்தக் காய்ச்சல்ல போச்சு. வந்துடும் வந்துடும்னு இருந்தேன். வரலை."

"டாக்டர்?"

"பார்த்தேன். வந்தாலும் வரும், வராமலும் போகும்னாரு. கண்ணு நல்லா இருக்கு, காது நல்லா இருக்கு, கவலைப்படாதீங்கன்னாரு. நான் என்ன வேலை செய்யறேன்னு அவருகிட்ட சொல்லலை."

"அப்ப இத்தனை மாசமா டேபிள்ல எப்படி?"

"நிறம் இருக்கு. இலை இருக்கு. நாக்குக்குத் துவர்ப்பு தெரியுது. எந்தத் தோட்டம், எந்தப் பருவம்னு டப்பாவுல எழுதியிருக்கு. இத்தனை வருஷ ஞாபகம் இருக்கு. முக்கால்வாசி சரியாத்தான் சொன்னேன்." மூடிய புத்தகத்தின் முதுகை விரலால் தடவினார். "முன்ன எல்லாம் குட்னு ஒரு சொல்லு போதும். உள்ள தெரியும், அதனால வெளிய அதிகம் பேச வேண்டியிருக்கலை. உள்ள ஒண்ணும் தெரியலைன்னதும் பயம் வந்துடுச்சு. குட்னு சொன்னா எந்த குட்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு. நாலு பெரிய சொல்லு போட்டா யாரும் கேட்கலை."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சரக்கை நினைத்து வந்த கோபம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அந்த மத்தியானங்களை நினைத்து. "நான் ஒரு பைத்தியக்காரி, உங்களுக்கு இங்கிலீஷ் மேல ஆசைன்னு நினைச்சு உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். நீங்க பொய் சொல்றதுக்கு நான் சாமான் சப்ளை பண்ணியிருக்கேன்" என்றேன். 

"முதல்ல மறைக்கத்தான் படிச்சேன்" என்றார். "அப்புறம் பிடிச்சுப் போச்சு. இதை நீ நம்பணும்னு நான் கேட்கலை."

அந்த நேரத்தில் அக்கா வேலை முடிந்து உள்ளே வந்தாள். தீய்ந்த பாத்திரத்தைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். "ஒருவழியா உனக்கும் தெரிஞ்சுடுச்சா?" என்றாள்.

அத்தான் சட்டென்று திரும்பினார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"உனக்கு யார் சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லணும்? காய்ச்சல் விட்டு எழுந்ததுல இருந்து என் எண்ணெயைப் பத்தி வாயே திறக்கலை. ஜன்னலைத் திறக்கலை. வார்னிஷ்னு சொல்லலை. பக்கத்துலயே படுத்துக்கிட்டாரு. முதல்ல ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. உடம்பு சரியில்லாதப்ப நான் பார்த்துக்கிட்டதுல மனுஷனுக்கு என் மேல பாசம் கூடிடுச்சுன்னு நினைச்சேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்புறம் ஒரு நாள் வேணும்னே புட்டியை அவர் முகத்துக்கிட்ட கொண்டுபோய்த் திறந்தேன். கண்ணுகூட சிமிட்டலை. அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"ஏன் எங்கிட்ட கேட்கலை?" என்றார் அத்தான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அக்கா கருகிய பாத்திரத்தைக் கழுவப் போட்டாள். பிறகு நான் சோப்புப் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். அத்தான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சரக்கு போய்ச் சேர்ந்தால் அந்த வெளிநாட்டுக்காரர் பெட்டியைத் திறந்த நிமிஷமே கம்பெனியின் மானம் கப்பலேறிவிடும். அந்த வெளிநாட்டு ஆர்டரை நம்பித்தான் குடோனில் பாதிப் பேருக்கு வேலை. அதைத் தடுக்க வேண்டுமென்றால் நாளைக் காலைக்குள் அத்தான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் அவர் அன்றோடு மூக்கர் இல்லை. இருபது வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

"நான் வேணா மேஸ்திரிகிட்ட பேசறேன். சோப்பு விஷயத்தை மட்டும் சொல்லிக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவ்வளவு கோபத்திலும் அவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அத்தான் தலையை ஆட்டினார். "இன்னைக்கு சோப்பு. நாளைக்கு மண்ணெண்ணெயா இருந்தா?"

மறுநாள் கன்டெய்னர் வருவதற்கு முன்னாலேயே முதலாளி அறைக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு. முதலாளி காலைப் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். அத்தான் உட்காரவில்லை. நான் அவ்வளவு அழகாக டைப் அடித்திருந்த மூன்று வாக்கியங்களின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, கீழே தன் கோணல் எழுத்தில் 'நோ' என்று எழுதி மேஜையில் வைத்தார்.

"என்ன மூக்கரே இது?" என்றார் முதலாளி.

அவரிடம் அப்போது எத்தனை சொற்கள் இருந்தன என்று எனக்குத் தெரியும். பாதி நான் கொடுத்தவை. மன்னிப்புக்கே ஐந்தாறு வைத்திருந்தார். ஒன்றையும் எடுக்கவில்லை.

"எனக்கு மோப்பம் கிடையாதுங்க. அந்தக் காய்ச்சல்ல போயிடுச்சு. இந்தச் சரக்குல சோப்பு ஏறியிருக்கு. என் கொழுந்தியா சொல்லித்தான் தெரியும்."

முதலாளி பேப்பரை மடித்தார். ரொம்ப நேரம் மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, எங்களைத் தாண்டி மேல்மாடிக்குப் போய், கோப்பைக்காரம்மாவைக் கூப்பிட்டு அந்த லாட்டில் ஒரு கோப்பை போடச் சொன்னார். உறிஞ்சினார். துப்பினார். வாயைக் கொப்பளித்தார்.

"சோப்புதான்" என்றார். "நேத்தே எனக்கு சோப்பு மாதிரிதான் இருந்துச்சு. நீங்க சொன்னதும் பூவாயிடுச்சு."

"எனக்கும்தாங்க" என்றாள் கோப்பைக்காரம்மா.

முதலாளிக்குக் கோபம் இருந்தது, ஆனால் கத்தவில்லை. தானும் ஏமாந்ததை நினைத்து வெட்கம் இருந்ததால் கத்தவில்லை என்று நினைக்கிறேன். கன்டெய்னரைத் திருப்பி அனுப்பச் சொன்னார். நாளையிலிருந்து மேல்மாடிக்கு வர வேண்டாம் என்று அத்தானிடம் சொன்னார். கண்ணும் கையும் நன்றாக இருக்கிறதே, குடோனில் இலை தரம் பிரிக்கும் இடத்தில் இருக்கட்டும் என்றார், சம்பளம் அதற்கேற்றபடிதான் என்றும் சொன்னார். வாசலில் நின்று திரும்பி, "பாக்கெட்டுக்கு மட்டும் அப்பப்ப எழுதிக் கொடுங்களேன். அது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"வேண்டாங்க" என்றார் அத்தான். ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேடையின் ஓரத்தில் வைத்தார். எச்சில் தொட்டியைக் காலால் மெல்லத் தள்ளி மேடைக்கு அடியில் நிறுத்தினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

குடோன் வேலை அவருக்கு ஒத்துக்கொண்டது என்று சொன்னால் பொய். நாள் முழுக்க நின்று, தூசியில் வேலை. முதலில் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. பழக்க தோஷத்தில் ஆட்கள் இன்னும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள், கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அச்சடித்த பாக்கெட்டுகள் தீரும் வரைக்கும் அவர் சொற்களும் கடைகளில் இருந்தன.

மத்தியானம் என் மேஜைக்கு வருவதை அவர் விட்டுவிட்டார். கூப்பிடக் கூடாது என்று நானும் வீம்பாகத்தான் இருந்தேன். ஒரு வாரம் தாங்கினேன், அதற்கு மேல் முடியவில்லை. என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நானே குடோனுக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் புத்தகம்.

"இன்னும் எதுக்கு இது?" என்றேன்.

"பிடிச்சுப் போச்சுன்னு சொன்னேனே" என்றார். நான் உட்கார்ந்தேன். அன்று 'எஃப்' எழுத்தில் இருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை எண்ணெய்தான், அறை முழுக்க அதுதான். அத்தான் எதிரில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். "இருக்கா இன்னும்?"

"என்ன?"

"அந்த வாடை. அதேதானா? கம்பெனிக்காரன் மாத்தலையே?"

"மாத்தலை. மண்டையைப் பிளக்குது" என்றேன்.

தலையாட்டிக்கொண்டார், ஏதோ நல்ல சேதி கேட்டவர் மாதிரி.

அக்கா கையை நிறுத்தினாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். "இத்தனை வாசனைக்கு இங்கிலீஷ் படிச்சீங்களே, என் எண்ணெய்க்கு என்ன சொல்லு? அதைச் சொல்லுங்க பார்ப்போம்."

அத்தான் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "கடையில இந்தப் புத்தகத்தை எடுத்ததும் முதல்ல அதைத்தான் தேடினேன். மறந்துடறதுக்குள்ள அதை மட்டுமாவது எழுதி வச்சுக்கலாம்னு. இன்னைக்கு வரைக்கும் தேடிட்டுத்தான் இருக்கேன். கிடைக்கலை."

அக்கா எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், நான் திறந்த ஜன்னலைச் சாத்தினாள்.